வில்ம்ஸ் கட்டி பெற்றோரிடமிருந்து வருகிறதா?

மூன்று வயது மகளுக்கு இடது சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி, அதாவது குழந்தைகளுக்கு வரும் ஒரு சிறுநீரகப் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். கீமோ போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "மரபணு மாற்றத்தால் வருவது" என்று மருத்துவர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் பக்கமும் கணவர் பக்கமும் யாருக்கும் புற்றுநோய் கிடையாது, அப்படியிருக்க எந்த மரபணு, எங்கிருந்து வந்தது என்பது உங்கள் கேள்வி. கடைசியில், போகிற போக்கில், இரண்டாவது குழந்தை பற்றி யோசித்துக்கொண்டிருப்பதையும் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். இது எங்களிடமிருந்து போனதா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

நான் மருத்துவ மரபியல் படித்தவன். புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோருடன் உட்கார்ந்து பரிசோதனை அறிக்கைகளை விளக்குவது பல வருடங்களாக என் வேலை. உங்கள் மகளின் அறிக்கைகளை நான் பார்க்கவில்லை. அதனால் கீழே எழுதுவது இந்த நோயைப் பற்றிய பொதுவான விளக்கம்தான். அவளுக்கு இதில் எது பொருந்தும் என்பதை அவளைப் பார்க்கும் குழுதான் சொல்ல வேண்டும்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்தது. வில்ம்ஸ் கட்டி ஏறக்குறைய பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். இந்தக் குழந்தைகளில், குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே கட்டி இருந்திருக்கிறது என்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர்தான். கட்டியின் செல்களைச் சோதித்தால் மரபணு மாற்றங்கள் இருக்கும். எல்லாப் புற்றுநோயிலும் அது உண்டு. ஆனால் அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை அம்மாவின் கருமுட்டையிலும் இருந்ததில்லை, அப்பாவின் விந்தணுவிலும் இருந்ததில்லை. குழந்தை கருவில் உருவான பிறகு, சிறுநீரகமாக வளர்ந்துகொண்டிருந்த ஏதோ ஒரு செல்லில் நேர்ந்தவை. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படியெடுக்கப்படுகிறது. அதில் பிழைகள் விழுவது இயல்பு, அநேகமாக எல்லாமே தீங்கில்லாமல் கழிந்துவிடும். ஒன்றிரண்டு தவறான இடத்தில், தவறான நேரத்தில் விழுந்துவிடுகின்றன.

நேரம் என்று சொன்னேனே, இந்த நோயில் அதுதான் மையம். வயதானவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய் வேறு, இது வேறு. மனிதச் சிறுநீரகம் கருவிலேயே, ஏறத்தாழ 36 வாரத்துக்குள், தன் வடிகட்டிகள் அனைத்தையும் உருவாக்கி முடித்துவிடும். அதன் பிறகு புதிய வடிகட்டிகள் உருவாவதில்லை. அவற்றை உருவாக்கிய கருநிலைச் செல்கள் முதிர்ந்து மறைந்துவிட வேண்டும். சில குழந்தைகளில் அவற்றின் சிறு தீவுகள் முதிராமல் தங்கிவிடுகின்றன. நெஃப்ரோஜெனிக் ரெஸ்ட் என்று, எடுத்த திசுவைச் சோதித்து எழுதும் நோய்க்குறியியல் அறிக்கையில் பார்த்திருக்கலாம். வேறு காரணங்களால் இறந்த கைக்குழந்தைகளின் சிறுநீரகங்களை ஆராய்ந்தபோதும் சுமார் நூற்றில் ஒன்றில் இவை இருந்தன. நோயோ பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான். அதாவது இந்தத் தீவுகளில் பெரும்பாலானவை தாமாகவே அடங்கிவிடுகின்றன. மேலும் ஒரு மாற்றம் சேர்ந்துகொண்டால்தான் கட்டியாகிறது.

"மேலும் ஒன்று" என்ற இந்த எண்ணம் ஆல்ஃபிரட் நட்ஸன் என்ற அமெரிக்க மருத்துவருடையது. 1971-இல் குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை வைத்து அவர் சொன்னது: செல் கட்டுமீறி வளராமல் தடுக்கும் ஒரு காவல் மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் கட்டி வரும். முதல் பிரதி பிறவியிலேயே கெட்டிருந்தால் இரண்டாவது கெடுவதற்கு அதிகக் காலம் பிடிக்காது. நோய் சீக்கிரம் வரும், இரு பக்கமும் வரக்கூடும். 1972-இல் லூயிஸ் ஸ்ட்ராங் என்பவருடன் சேர்ந்து இதே கணக்கை வில்ம்ஸ் கட்டிக்கும் போட்டார். விழித்திரைப் புற்றுநோய்க்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. வில்ம்ஸுக்குப் பாதிதான் பொருந்தியது. அங்கே ஒரே மரபணு. இங்கே இன்றுவரை நாற்பதுக்குப் பக்கமாகப் பெயர்கள் சேர்ந்துவிட்டன. "வில்ம்ஸ் மரபணு எது?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான். மருத்துவர் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

முதலில் கிடைத்த பெயர் டபிள்யூ.டி.1. அதற்கு வழிகாட்டியது ஒரு கண் குறைபாடு. கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரையான ஐரிஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளில் வில்ம்ஸ் கட்டி வழக்கத்தைவிட மிக அதிகமாக வருகிறது என்று 1964-இல் ஓர் ஆய்வு காட்டியது. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. 11-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஐரிஸை உருவாக்கும் பாக்ஸ்6 மரபணுவும் டபிள்யூ.டி.1-உம் அருகருகே இருக்கின்றன, அவ்வளவுதான். அந்தத் துண்டு மொத்தமாக விடுபட்டால் இரண்டும் சேர்ந்து போகும். வாகர் நோய்த்தொகுப்பு என்பது இது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி வருகிறது. பாக்ஸ்6 மட்டும் கெட்டு, டபிள்யூ.டி.1 நன்றாக இருக்கும் குழந்தைக்கு ஐரிஸ் இருக்காது, ஆனால் கட்டி ஆபத்து கூடாது. அடுத்தடுத்த இரண்டு மரபணுக்களில் எது போனது என்ற ஒரே விவரம் அந்தக் குழந்தையின் கண்காணிப்பையே மாற்றிவிடும்.

டபிள்யூ.டி.1 அடையாளம் காணப்பட்டது 1990-இல். கருவில் சிறுநீரகமும் பாலுறுப்புகளும் உருவாவதற்கு இது அவசியம். அதனால்தான் இதில் பிறவிப் பிழை இருக்கும் ஆண் குழந்தைகளுக்கு விரை கீழே இறங்காமல் இருப்பது, சிறுநீர்த் துவாரம் இடம் மாறி இருப்பது போன்றவை சேர்ந்து வருகின்றன. இதே மரபணுவில் ஓர் எழுத்து மட்டும் மாறி, அது தயாரிக்கும் புரதம் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் பகுதி கெட்டால் வருவது டெனிஸ்–டிராஷ் நோய்த்தொகுப்பு. அதில் கட்டி ஆபத்து வாகரைவிடவும் அதிகம். சிறுநீரில் புரதம் கசிந்து, சிறு வயதிலேயே சிறுநீரகமும் செயலிழக்கிறது. மரபணுவே விடுபட்டுப் போவதைவிட அது தவறான புரதத்தைத் தயாரிப்பது மோசமாக முடிவது விந்தைதான். கெட்ட புரதம் நல்ல பிரதியின் வேலையையும் கெடுத்துவிடுகிறது. இந்த இரண்டு நோய்த்தொகுப்புகளும்கூடப் பெரும்பாலும் பெற்றோரிடம் இருப்பதில்லை. குழந்தையில் புதிதாகத் தோன்றியவை.

ஆனால் எந்த நோய்த்தொகுப்பும் இல்லாத சாதாரண வில்ம்ஸ் கட்டிகளில் டபிள்யூ.டி.1 கெட்டிருப்பது பத்தில் ஒன்று, மிஞ்சினால் ஐந்தில் ஒன்று. அதைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்படும் கோளாறு அதே குரோமோசோமின் நுனியில் 11பி15 என்ற இடத்தில் இருக்கிறது. இது எழுத்துப் பிழை அல்ல. அங்கே ஐ.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சி மரபணு உண்டு. நம் மரபணுக்களில் பெரும்பாலானவை இரு பிரதிகளிலும் இயங்கும். இது அப்படியல்ல, அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டும் இயங்கும், அம்மாவிடமிருந்து வந்தது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எது இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை டி.என்.ஏ. மீது ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் தீர்மானிக்கின்றன. குறி தவறி அம்மாவின் பிரதியும் இயங்கத் தொடங்கினாலோ, அம்மாவின் துண்டு தொலைந்து அப்பாவின் துண்டே இரண்டு வந்துவிட்டாலோ, வளர்ச்சிப் புரதம் இரட்டிப்பாகச் சுரக்கும். வில்ம்ஸ் கட்டிகளில் பத்தில் ஏழில் இந்த இடத்தில் ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது. கிழக்காசிய வம்சாவளிக் குழந்தைகளில் இந்த நோய் ஐரோப்பிய வம்சாவளியினரைவிட ஏறக்குறைய பாதிதான். அவர்களுடைய கட்டிகளில் ஐ.ஜி.எஃப்.2 குறி தவறுவதும் குறைவாகவே இருக்கிறது. இரண்டும் தற்செயலாக ஒத்துப்போவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் இது என் ஊகம்தான், நிரூபணம் அல்ல.

இந்தக் கோளாறு கட்டியோடு நிற்காமல் உடல் முழுவதும் பரவியிருந்தால் பெக்வித்–வீடமான் நோய்த்தொகுப்பாகத் தெரியும். பிறக்கும்போதே பெரிய உருவம், பெரிய நாக்கு, தொப்புள் வழியே குடல் பிதுங்கியிருப்பது, ஒரு பக்கத்துக் கைகால் மறுபக்கத்தைவிடத் தடித்திருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இதிலும் எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. ஐ.ஜி.எஃப்.2-ஐக் கட்டுப்படுத்தும் பகுதியில் மெத்தில் குறி கூடியிருக்கும் குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வில்ம்ஸ் வருகிறது. அடுத்த கட்டுப்பாட்டுப் பகுதியில் குறி குறைந்திருக்கும் வகையில் அந்த ஆபத்து மிகக் குறைவு. வெளித்தோற்றத்தில் இரண்டு குழந்தைகளும் ஒரே மாதிரி இருக்கலாம். ஆகவே "பெக்வித்" என்று பெயர் வைத்ததோடு நிறுத்தாமல், எந்த வகை என்று கேட்டு வாங்கிக்கொள்வது முக்கியம்.

மற்ற மரபணுக்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். டபிள்யூ.டி.1 கெட்ட கட்டிகளில் பீட்டா கேட்டனின் மாற்றமும் பெரும்பாலும் கூடவே இருக்கும். 2014, 2015 ஆண்டுகளில் ட்ரோஷா, டி.ஜி.சி.ஆர்.8 ஆகியவற்றின் மாற்றங்கள் தெரியவந்தன. இவை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் மிகச் சிறிய கட்டுப்பாட்டு மூலக்கூறுகளைத் தயாரிப்பவை. அவை குறைந்தால் கருநிலைச் செல் முதிர மறுக்கிறது. பி53 மரபணு கெடுவது அனாபிளாசியா என்ற கடினமான வகையோடு இணைந்து வருகிறது. 2007-இல் கண்டறியப்பட்ட டபிள்யூ.டி.எக்ஸ். பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், பெண்ணுக்கும் இரண்டில் ஒன்றுதான் இயங்கும். அதனால் ஒரே அடியில் விழுந்துவிடும், நட்ஸனின் இரண்டு அடி தேவையில்லை. அதைவிட விசித்திரம், இதே மரபணு பிறவியிலேயே கெட்டிருப்பவர்களுக்கு எலும்பு தடிக்கும் ஒரு நோய் வருகிறது, வில்ம்ஸ் கட்டி ஆபத்து கூடுவதில்லை. ஒரு மரபணு கட்டிக்குள் கெட்டிருக்கிறது என்ற அறிக்கையை வைத்துக்கொண்டு, "இது பிறவியில் இருந்தால் ஆபத்து" என்று முடிவுகட்டக் கூடாது என்று பெற்றோரிடம் நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு நேராக வருகிறேன். பெற்றோரிடமிருந்து வந்தது, கட்டிக்குள் மட்டும் நடந்தது என்று இரண்டு பெட்டிகளாகப் பிரித்துச் சொல்லத்தான் எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். இந்த நோயில் அந்தப் பிரிவு அவ்வளவு சுத்தமாக நிற்பதில்லை. கரு உருவாகிச் சில நாட்களிலோ வாரங்களிலோ ஒரு செல்லில் மாற்றம் விழுந்தால், அந்தச் செல்லின் வாரிசுகள் அனைத்திலும் அது இருக்கும், மற்ற செல்களில் இருக்காது. மரத்தின் அடித்தண்டில் விழுந்த கீறல் பல கிளைகளுக்குப் போவதையும், நுனிக்கொம்பில் விழுந்தது சில இலைகளோடு நின்றுவிடுவதையும் போல, எவ்வளவு சீக்கிரம் நடந்ததோ அவ்வளவு பரவலாக உடலில் இருக்கும். மொசைக் நிலை என்பது இது. 2019-இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு, வில்ம்ஸ் கட்டியோடு எடுக்கப்பட்ட சிறுநீரகத்தின் "நல்ல" பகுதியை நுணுகிப் பார்த்தது. நுண்ணோக்கியில் எந்தக் குறையும் தெரியாத அந்தத் திசுவிலேயே கணிசமான குழந்தைகளுக்கு 11பி15 குறி தவறிய செல்கூட்டம் பரவியிருந்தது. கட்டி தோன்றுவதற்கு வெகுமுன்பே, கருவில் சிறுநீரகம் உருவாகும்போதே, அடித்தளம் போடப்பட்டுவிட்டது. அது உங்கள் உடலிலிருந்தோ உங்கள் கணவர் உடலிலிருந்தோ போனது அல்ல. ஆனால் கட்டிக்குள் மட்டும் நடந்ததும் அல்ல.

உண்மையிலேயே குடும்பத்தில் இறங்குபவையும் உண்டு. ட்ரிம்28, ஆர்.இ.எஸ்.டி., சி.டி.ஆர்.9 ஆகிய மரபணுக்களும், சில குடும்பங்களில் டபிள்யூ.டி.1-உம் இப்படி இறங்குகின்றன. இவற்றில் பல, தாங்கியிருப்பவர் எல்லோருக்கும் நோயைக் கொடுப்பதில்லை. ட்ரிம்28 மாற்றம் பெரும்பாலும் அம்மா வழியாக வரும்போதுதான் குழந்தைக்குக் கட்டியாகிறது. அந்த மாற்றம் அம்மாவுக்குத் தன் தந்தையிடமிருந்து வந்திருந்தால் அந்த அம்மா நோயே இல்லாமல் வாழ்ந்திருக்கலாம். எனவே "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்பது நல்ல செய்திதான், முழு உத்தரவாதம் அல்ல. பெற்றோர் நெருங்கிய இரத்த உறவினராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெர்ல்மன் நோய்த்தொகுப்பு போல, இரு பக்கமிருந்தும் கெட்ட பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும் சில அரிய நோய்களும் வில்ம்ஸுக்கு இட்டுச்செல்கின்றன.

அப்படியானால் பரிசோதனை தேவையா? இரண்டு சிறுநீரகத்திலும் கட்டி, ஒரு வயதுக்குள் வந்த கட்டி, மீதமுள்ள திசுவில் நெஃப்ரோஜெனிக் ரெஸ்ட், கண், பாலுறுப்பு, உடல் வளர்ச்சியில் ஏதாவது வித்தியாசம், சிறுநீரில் தொடர்ந்து புரதம், குடும்பத்தில் இன்னொருவர் ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் மரபணுப் பரிசோதனை அவசியம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதுவுமே இல்லாத குழந்தைக்குத் தேவையா என்பதில்தான் இழுபறி. பிறவிச் சார்பு, அதாவது நோய்க்கு இட்டுச்செல்லும் மாற்றம் பிறவியிலேயே இருப்பது, பத்தில் ஒருவருக்கு என்று நாங்கள் வெகுகாலம் சொல்லிவந்தோம். நெதர்லாந்தில் நாடு முழுவதும் ஐந்து ஆண்டுகளில் நோய் கண்ட குழந்தைகளை வடிகட்டாமல் சோதித்து 2022-இல் வெளியிட்டபோது, மொசைக் நிலையையும் சேர்த்து மூன்றில் ஒருவர் என்று வந்தது. இதற்குப் பிறகு, வசதி இருக்கும் இடங்களில் எல்லாக் குழந்தைக்கும் பரிசோதனையை முன்வைக்கலாம் என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன். என் சகாக்களில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: இரத்தத்தில் எதுவும் இல்லை என்ற முடிவு மொசைக் நிலையை முழுவதுமாக விலக்காது. "பொருள் விளங்காத மாற்றம்" என்று ஒரு வரி வந்துவிட்டால் அது வருடக்கணக்கில் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும். இன்னொன்று: சாதாரணமாக எழுத்துக்களைப் படிக்கும் பரிசோதனை 11பி15-இன் மெத்தில் குறிகளைக் காட்டாது. அதற்குத் தனிப் பரிசோதனை கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் விட்டு, "மரபணு எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை" என்று வருபவர்கள் பலர்.

இரண்டாவது குழந்தை. உங்கள் மகளுக்கு ஒரு பக்கம் மட்டும் கட்டி, மேலே சொன்ன அடையாளங்கள் எதுவும் இல்லை, குடும்பத்திலும் இல்லை என்றால், தம்பிக்கோ தங்கைக்கோ வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அவளிடம் ஒரு பிறவி மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் கணக்கு மாறும். உடனே உங்கள் இருவரையும் அதே மாற்றத்துக்குச் சோதிப்பார்கள். உங்களிடம் இல்லையென்றால் ஆபத்து மீண்டும் மிகக் குறைந்துவிடும். முழுப் பூஜ்யம் ஆகாது, ஏனென்றால் கருமுட்டைகளிலோ விந்தணுக்களிலோ சிலவற்றில் மட்டும் அது மறைந்திருக்கலாம். உங்களில் ஒருவரிடம் இருந்தால், பிறக்கும் குழந்தையைச் சோதித்து, தேவைப்பட்டால் ஏழு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் செய்வது வழக்கம். இந்தக் கட்டி வேகமாக வளரக்கூடியது. ஆறு மாத இடைவெளி போதாது என்பதால்தான் மூன்று மாதம். ஸ்கேன் கட்டியைத் தடுக்காது, சிறியதாக இருக்கும்போதே காட்டிக்கொடுக்கும். சிறுநீரகத்தின் ஒரு பகுதியையாவது காப்பாற்ற அது உதவலாம். கர்ப்பகால ஸ்கேனை நம்ப வேண்டாம், அநேகமாக எல்லாக் கட்டிகளும் பிறந்த பிறகே தெரியும் அளவுக்கு வருகின்றன.

கேட்காமலேயே ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் என் எதிரில் உட்காரும் அம்மாக்கள் எல்லோரும் இதைக் கடைசியில், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கர்ப்பத்தில் சாப்பிட்டது, மாத்திரை, வேலை, கோபம், அலைச்சல் இவற்றில் எதுவும் வில்ம்ஸ் கட்டிக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. பூச்சிக்கொல்லி, பெற்றோரின் தொழில் போன்றவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். ஓர் ஆய்வு தொடர்பு இருப்பதாகச் சொன்னால் அடுத்தது மறுக்கிறது. நோய் அரிதானது, பெற்றோர் பழையதை நினைவிலிருந்து சொல்ல வேண்டும் என்பதால் இவ்வகை ஆய்வுகள் இயல்பிலேயே பலவீனமானவை. நான் அவற்றை எந்தப் பெற்றோரிடமும் காரணமாக எடுத்துச் சொல்வதில்லை.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். நோய்க்குறியியல் அறிக்கையில் நெஃப்ரோஜெனிக் ரெஸ்ட் இருந்ததா, இருந்தால் எந்த வகை? இரத்தத்தில் டபிள்யூ.டி.1-உம் 11பி15 மெத்தில் குறியும் பார்க்கப்பட்டனவா? எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டை எங்கே, எத்தனை வருடம் பாதுகாக்கப்படும்? கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்த நோய் வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்து வளர்கிறார்கள். உங்கள் மகள் பெரியவளாகித் தன் குழந்தையைப் பற்றி இதே கேள்வியைக் கேட்கும் நாளில் பரிசோதனைகள் இன்று இருப்பதைவிட நன்றாக இருக்கும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கட்டை வேண்டியிருக்கும். அதன் எண்ணையும் அறிக்கையின் நகலையும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.